நீங்கள் பாதியில் நிறுத்திய கதை

அக்கா,

நீங்கள் போன பிறகு முதல் முறையாக நேற்று, ரயிலில் எனக்கு வாசித்துக்காட்டி என்னிடமே விட்டுப்போன அந்த நாவலைத் திறந்தேன். தாள்களில் இன்னும் தைல வாசனை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டு, அதே கையால்தானே பக்கம் திருப்புவீர்கள்! புத்தகம் கெட்டுப்போகும் என்று நான் கத்தியதெல்லாம் வீண்.

அமெரிக்காவின் தெற்கே ஒரு கிராமத்தில், கணவனைப் புதைத்த பிறகும் தனக்கென்று வாழத் துணிந்த கறுப்பினப் பெண்ணின் கதை அது. ஊர்ப் பேச்சை அப்படியே எழுதியிருந்த அந்த ஆங்கிலம் எனக்குப் பிடிபடவே இல்லை. "கண்ணால வாசிச்சால் விளங்காது, வாய்விட்டு வாசி" என்றீர்கள். நாம் இறங்கும் வெரிபீ ஸ்டேஷன் வரும்வரை மெல்ல வாசித்து, அவள் பேச்சை மட்டும் யாழ்ப்பாணத் தமிழில் சொல்வீர்கள். "எங்க மதுரைப் பேச்சுக்கு என்னக்கா குறை?" என்று சண்டை போடுவேன். "நீ கதைச்சால் அவள் சினிமாக்காரி ஆயிடுவாள்" என்று சிரிப்பீர்கள்.

ஒருநாள் நடுவில் நிறுத்தினீர்கள். "இவள் தனக்கெண்டு ஒருத்தரைத் தேடினது பிழையோ?"

கேள்வி அவளைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் தனியாக இருந்த அங்கிள், தோட்டத்துக் காலிஃபிளவரைக் கொண்டுவந்து தருபவர், கணவரை இழந்த நீங்கள் அவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டீர்கள். உங்கள் மகன் "ப்ளீஸ் அம்மா, பீப்பிள் வில் டாக்" என்றானாம். "சனம் கதைக்கும்தான். கதைச்சுப்போட்டுச் சாப்பிடப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்தீர்கள். அரக்குச் சேலைகூட வாங்கியாயிற்று. அதற்குள் நோய் முந்திக்கொண்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இறுதிச் சடங்கில் மகன் நன்றாகத்தான் பேசினான். நல்ல மனைவி, நல்ல தாய் என்றான். அங்கிள் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றார். யாரும் ஒரு நாற்காலி போடவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நேற்று என் வாசலுக்கு வந்தார், கையில் காலிஃபிளவருடன். ரயிலில் வாசித்ததை மாலையில் அவருக்குச் சொல்வீர்களாமே! எனக்குத் தெரியாது.

"அவ பாதியில விட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பொம்பிளைக்குப் பிறகு என்ன நடந்தது, பிள்ளை?"

மிச்சத்தை ஆங்கிலத்தில் வாசித்தேன். சற்று நேரம் கேட்டவர், "அவ சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ" என்றார். எனக்கு வருமா என்ன? கடைசியில் ஊரார் அவளைக் கேட்கிறார்கள், நீ தேடிக்கொண்டவனோடு போனதில் உனக்குச் சந்தோஷம்தானா என்று.

"ஓம்" என்றேன், அக்கா, எங்கள் "ஆமா"வை விட்டுவிட்டு. "ஓம், சந்தோஷமாத்தான் இருந்தனான்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான்.

இன்று காலை ரயிலில் உங்கள் இடத்தைக் காட்டி, "இதில இருக்கலாமோ?" என்று ஓர் ஆன்ட்டி கேட்டார். என்னை அறியாமல் "ஓம்" என்றேன். அவர் உட்கார்ந்தார். தைல வாசனைதான் இல்லை.