ஸ்பானர் வேண்டாத பிடி

1936 அக்டோபர் 6, செவ்வாய்
விடியும்போதே மழை. கடையில் பஞ்சர் இரண்டு, அறுந்த செயின் ஒன்று. மதியத்துக்குள் நான் செய்துகொண்டிருந்த பிடி முடிந்தது. இரும்புப் பட்டை வளையம், உள்ளே ரப்பர்த் துண்டு, மேலே ஒரு தண்டு. தண்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் இறுகும், தூக்கினால் விடும். நட்டு இல்லை, ஸ்பானர் வேண்டாம். மருத்துவச்சியான என் மனைவி எஸ்தரின் பிரசவப் பெட்டிக்காக. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் பெட்டியைக் கழற்ற ஸ்பானரோடு மல்லுக்கட்ட, உள்ளே பெண் அலறுகிறாளாம். பெட்டியில் இரண்டு பிடி வைத்து சைக்கிள் கேரியரில் மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடியும்.
“எத்தற மட்டம்தான் இழுப்பிய? கேரியரு கையோட வந்திரப் போவுது” என்றாள்.

அக். 8, வியாழன்
வெயில். எ. மூன்று வீடு போய் வந்தாள். பிடி அசையவில்லை. தண்டு மட்டும் கொஞ்சம் கடினமாம். தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் சபை உபதேசியார் பார்த்துவிட்டுத் தன் சைக்கிள் விளக்குக்கு ஒன்று கேட்டார். அதற்கும் எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். பெருமைதான்.

அக். 10, சனி
காலையில் ஆள் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் மனைவி, தலைப்பிரசவம். எ. போனாள். மழை வலுத்தது. மதியம் தாண்டியும் காணோம். சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு. கேரியர் காலி.
ஓடைப் பாலத்தில் பெட்டி கழன்று வெள்ளத்தில் விழுந்துவிட்டது. கத்தரி, நூல், மருந்துக் குப்பி எல்லாம் போயிற்று. அந்த வீட்டுச் சவரக்கத்தியைக் கொதிக்க வைத்துக் கொடி அறுத்தாளாம். ஆண் பிள்ளை.
“பிடி விட்டுதா?”
“நான்தான் செரியா அமுக்கல்ல. அவசரத்தில போனேன்.”

அக். 11, ஞாயிறு
கோயிலில் ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. பெற்றவளுக்குக் காய்ச்சலாம். எ. உடனே புறப்பட்டுப் போனாள். மருந்தில் கழுவாத கத்தி. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல் என்ன செய்யும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
சாயங்காலம் ஓடையில் குளிக்கப் போனவர் பெட்டியைக் கொண்டுவந்தார். பிடிகள் பெட்டியோடுதான் இருந்தன. இரண்டு தண்டும் முழுக்க அமுங்கியிருந்தன. அவள் சரியாகத்தான் பூட்டியிருக்கிறாள். உள்ளே ரப்பர் ஊதி, களிபோலாகி, விரலில் வழுக்கியது. நான் விட்ட எண்ணெய்தான் ரப்பரைக் கெடுத்திருக்கிறது.

அக். 12, திங்கள்
கடை திறக்கவில்லை. நேரே உபதேசியார் வீடு. விளக்கிலிருந்து பிடியைக் கழற்றினேன்.
“நல்லாத்தானே நிக்குது. எதுக்குடே கழத்துத?”
சொன்னேன். எஸ்தரிடம் சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் இன்னும் நூற்றிரண்டு. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அக். 14, புதன்
காய்ச்சல் விட்டது. மார்பில் பால் கட்டியதால் வந்ததாம், கத்தியால் இல்லை. கேட்டதும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எஸ்தரிடம் எல்லாம் சொன்னேன்.
“தெரியும். பாலத்துக்க கிட்ட வரச்ச தொட்டுப் பாத்தேன். பூட்டித்தான் இருந்து.”
“பின்ன ஏன் அப்பிடிச் சொன்ன?”
“அண்ணைக்கு உங்க மொகத்தப் பாத்தா வேற என்ன சொல்ல?”
சோறு போட்டாள்.

அக். 15, வியாழன்
மழை இல்லை. ரப்பரை எடுத்துவிட்டுத் தோல் வைத்தேன். எ. பெட்டியை மாட்டினாள், தண்டு இரண்டையும் அமுக்கினாள். உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்து பெட்டியின் மேல் குறுக்கே கட்டினாள். முடிச்சை நானே இறுக்கிக் கொடுத்தேன்.