குளியலறைச் சுவரைத் திறப்பது பற்றி

மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். என் முட்டி வலியும் அவளுடைய இருமலும் போன மாதம் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன, கூடவும் இல்லை குறையவும் இல்லை, எங்கள் வயதில் அதற்குப் பெயர்தான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் போனில் உன்னிடம் ஒன்று சொன்னேன், சின்னவள் படுக்கும் அறையை ஒட்டிய குளியலறைக்குப் போகும் தண்ணீர் வால்வு இரண்டையும் மூடிவிடு, காரணத்தை எழுதுகிறேன் என்று. நீ சிரித்துவிட்டு, என்னப்பா போன்ல சொல்லக் கூடாத ரகசியமா என்று கேட்டாய். மூடினாயா? மூடவில்லை என்றால் இந்தக் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மூடிவிட்டு வந்து மிச்சத்தைப் படி. போனில் சொல்லியிருந்தால் நீ பரவாயில்லப்பா என்று சொல்லியிருப்பாய், பேச்சு அதோடு முடிந்திருக்கும். இது பரவாயில்லை என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

அம்மா சமையலறைக் குழாயைப் பற்றி எழுதச் சொன்னாள். அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் வீட்டுக் குழாயெல்லாம் சரி பண்ற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் கண்ணுக்குத் தெரியாதா என்று அவள் கேட்காத நாள் இல்லை. கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறாள், அது நிறைந்தால் ஜன்னல் செடிக்கு ஊற்றுகிறாள். செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. அதைச் சொன்னால் முறைக்கிறாள்.

இனி விஷயம். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்கார அம்மா இருக்கிறார், தனியாள், முன் அறையில் இரண்டு மெஷின் போட்டுக்கொண்டு தைக்கிறார். அவருடைய அக்கா இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் படி ஏறாமல் குளிக்க வசதி இருந்தால்தான் அனுப்புவோம், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக நாள் குறித்தாகிவிட்டது. பழைய தொட்டியை எடுத்துவிட்டுப் புதுக் குளியலறை கட்டும் வேலையை நான் ஒப்புக்கொண்டேன். எழுத்தில் ஒப்பந்தம், தொடங்கும் தேதி, முடிக்கும் தேதி, என் லைசென்ஸ் எண், மனம் மாறினால் மூன்று நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற வரி, எல்லாம் முறைப்படிதான் போட்டேன். அதிலெல்லாம் நான் குறை வைப்பதில்லை என்று உனக்கே தெரியும். குறை வைத்தது ஒரே இடத்தில்தான். சுவருக்குள் போகும் பைப் வேலையை, சுவரை மூடுவதற்கு முன் கட்டட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் திங்கட்கிழமைதான் நேரம் இருந்தது. அக்கா வருவது வெள்ளி. எங்களோடு வழக்கமாகப் பைப் போடும் பிளம்பர் அந்தச் சமயம் லீவு. நானே பைப் போட்டேன், பம்பு வைத்து அழுத்தம் பார்க்கும் சோதனையைக்கூடச் செய்யாமல் வியாழக்கிழமை சுவரை மூடி டைல்ஸ் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எந்த ஓட்டையைக் கண்டாலும் டார்ச்சை அடித்துப் பார்ப்பதால் நாங்கள் காண்ட்ராக்டர்கள் எல்லாம் டார்ச்சம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம், அவருக்கும் அது தெரியும். மூடிய சுவரைப் பார்த்துவிட்டு, திறங்க ஐயா என்றார். நான் முப்பத்தொரு வருஷமாக இந்த வேலை செய்வதையும், ஒரு வீட்டில்கூட ஒரு சொட்டு ஒழுகியதில்லை என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. முப்பத்தொரு வருஷத்த எழுதறதுக்கு இந்தப் படிவத்துல இடம் இல்லீங்க ஐயா, பைப்ப பாத்தீங்களா இல்லையான்னுதான் கேட்டிருக்காங்க என்றார். தையல்கார அம்மாதான் கொதித்துப் போனார். நான்தான் மூடச் சொன்னேன், வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன், அவரை விட்டுடுங்க என்று சண்டைக்கே போய்விட்டார். அதற்கும் டார்ச்சம்மா முடியாது என்று தலையாட்டிவிட்டு, இது உங்களுக்காகத்தாம்மா என்றார். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் ஒட்டிய டைல்ஸை உளி வைத்துப் பெயர்த்தேன், மூன்றாவது வரிசையில் நான்கு டைல்ஸ்.

நான் பைப் போடும் முறை உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பைப், எல்போ என்கிற வளைவுத் துண்டுக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த அளவில் பைப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். பசை தடவி உள்ளே தள்ளினால் கோடு எல்போவின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். தொட்ட பிறகும் அரை நிமிஷம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரப் பசையில் பைப் வழுக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்துவிடும். பாதி போன இணைப்பு உடனே ஒழுகாது. மாசக்கணக்கில் வெந்நீர் ஓடிய பிறகு விட்டுக்கொடுக்கும். சுவரைத் திறந்ததும் டார்ச்சம்மா வெளிச்சம் அடித்தார். அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். என் கோடு விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

அவர் கேட்டது அந்த ஒரு இடத்தைத் திறக்கத்தான். மிச்சத்தையும் நானே திறந்தேன். ஐந்து இணைப்பில் இரண்டு அப்படி இருந்தது. பசை தடவித் தள்ளும்போது ஐந்து கோட்டையும் நான் பார்த்தேன், ஐந்தும் உள்ளேதான் இருந்தன. நான் பொய் சொல்லவில்லை, கண்ணும் பொய் சொல்லவில்லை. கை பிடித்தது போதவில்லை. டார்ச்சம்மா படிவத்தில் எழுதிக்கொண்டு, சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க ஐயா என்று போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. லீவில் இருந்த பிளம்பரைக் கெஞ்சி வரவழைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். பம்பு வைத்தோம், அழுத்தம் காட்டும் முள் ஒரு மணி நேரம் அசையவில்லை, அவர் வந்து பார்த்த பிறகு மூடினோம். அதுவரை ஒரு வாரம் அந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து வலது கட்டைவிரல் பிசகியதை உங்களிடம் சின்னச் சுளுக்கு என்று சொன்னேன். டாக்டர் ஆறு வாரம் வேலை செய்யக் கூடாது என்றார், நான் ஆறு நாள் இருந்தேன். அந்த விரலில் அதற்குப் பிறகு பலமே இல்லை. அதனால் பைப் வேலையெல்லாம் பிளம்பர் தலையில் கட்டிவிட்டு நான் டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று ஒதுங்கிக்கொண்டேன், வயசாச்சு இல்லையா என்று சொல்லிச் சமாளித்தேன். விழுந்த பிறகு என் கையால் பைப் போட்டது இரண்டே இடத்தில்தான். ஒன்று தையல்கார அம்மா வீடு. இன்னொன்று உன் வீடு, வால்வை மூடச் சொன்னேனே அந்தக் குளியலறை. அங்கே வந்திருந்தபோது ஒரு நாள் ஊறுகாய் பாட்டில் மூடி என் கைக்குத் திறக்காமல் மாப்பிள்ளை வாங்கித் திறந்துகொடுத்தாரே, மூடி துரு ஏறிப்போச்சு என்றேன். அது பிளாஸ்டிக் மூடி. அவர் கவனித்திருப்பார், மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

உன் வீட்டில் எட்டு இணைப்பு. அன்றைக்கு எட்டுக் கோடும் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். தையல்கார அம்மா வீட்டிலும் அப்படித்தான் பார்த்தேன். அந்தச் சுவரின் மறுபக்கம் சின்னவள் கட்டில், கட்டில் தலைமாட்டில் பிளக் பாயிண்ட். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். நீ அந்த வேலைக்கு உங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ள ஒரு அம்மாவைப் பேசி வைத்திருந்தாய். அவர் நான்கு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் அதை எடுத்து நான் எல்லோருக்கும் படித்துக் காட்டிக் கேலி பண்ணினேன், ஒரு குளியலறைக்கு நாலு பக்கமா, கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு நீளம் இல்லையே என்று. நீ சிரித்தாய், மறுநாள் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அந்த நான்கு பக்கத்தை இப்போது யோசித்துப் பார்த்தால், எந்தச் சுவரை எப்போது யார் பார்த்த பிறகு மூடுவது என்பதுதான் அதில் ஒரு பக்கம். என்னிடம் நீ ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. உங்கள் ஊரில் எனக்கு லைசென்ஸ் இல்லை, இன்ஸ்பெக்டரைக் கூப்பிடவில்லை, பம்பை அவ்வளவு தூரம் தூக்கிவர முடியாது என்று சோதனையும் பார்க்கவில்லை. வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் நானே உன்னைப் புகார் எழுத வைத்திருப்பேன்.

வேலை முடிந்த பிறகு தையல்கார அம்மாவிடம் சொன்னேன், என் மேல் எழுத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸின் முகவரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்று. அவர் பதறிப் போய், நல்ல மனுஷன் மேல நான் எப்படி எழுதிக் குடுக்கறது என்றார். ராத்திரி சாப்பாட்டின்போது அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். முன்பின் தெரியாத ஆளிடம் காகிதம் கேட்க எல்லோருக்கும் வாய் வரும். நல்லவர் என்று நினைக்கிற ஆளிடம் கேட்கத்தான் கூச்சம். அப்பாவிடம் யார் கேட்பார்கள்?

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அந்த நான்கு பக்க அம்மாவையே கூப்பிடு, என்னைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். லைசென்ஸ் எண்ணை ஆபீஸில் கேட்டுச் சரிபார். ஒப்பந்தம் கையில் வராமல் யாரையும் சுவரில் கை வைக்க விடாதே. வேலை நடுவில் எதை மாற்றினாலும் வாய்ப்பேச்சு கூடாது, எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்க்காமல் மூட விடாதே, சின்னவளுக்குக் குளிக்க இடமில்லை என்று நீயே அவசரப்படுத்தாதே, நான் கெட்டது அந்த அவசரத்தில்தான். முள் ஒரு மணி நேரம் நிற்பதை நீ கூடவே நின்று பார். வேலை முடிந்தது என்ற தாளில் அதற்குப் பிறகுதான் கையெழுத்து. செலவு முழுக்க என்னுடையது, இதில் நீயும் மாப்பிள்ளையும் பேச ஒன்றும் இல்லை. அது முடியும் வரை சின்னவளை உங்கள் அறையில் படுக்க வையுங்கள்.

என் லைசென்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. யாரும் பிடுங்கவில்லை, நானே விடுகிறேன். அம்மாவிடம் சொன்னபோது, அப்ப சமையலறைக் குழாய்க்கு யாரைக் கூப்பிடறது என்றாள். லைசென்ஸ் இருக்கிற ஆளை என்றேன். எழுதி வாங்குவேன், தேதி போட்டு என்றாள். வாங்கு என்றேன்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், சின்னவள் அவள் அறையில் நிம்மதியாகத் தூங்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை. சுவரைத் திறக்கும்போது பக்கத்தில் இருந்து எட்டுக் கோட்டையும் பார்த்து எனக்கு எழுது. எது எங்கே நிற்கிறதோ அதை அப்படியே எழுது. அப்பா வருத்தப்படுவார் என்று எந்தக் கோட்டையும் உள்ளே தள்ளிவிடாதே.

அன்றைக்கு உனக்குக் கொடுக்காத காகிதம் இதுதான். இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்றில் கையெழுத்துப் போட்டு எனக்குத் திருப்பி அனுப்பு.

வேலை செய்தவர்: உன் அப்பா, லைசென்ஸ் எண் 2217, உங்கள் ஊரில் செல்லாது

வீட்டுக்காரர் கையெழுத்து: ........................