அழுத்தம் விழுந்த இடம்

அன்பு மகளுக்கு,

நான் உனக்கு எழுதி மூன்று வருடமாகிறது. நீ கன்னியர் மடத்தில் சேர்ந்து இத்தாலிக்குப் போனதில் எனக்கிருந்த கோபமெல்லாம் தேய்ந்துவிட்டது. களைப்புதான் மிச்சம்.

அம்மாவுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் உன்னைத்தான் கேட்கிறாள்.

உன் மடத்தில் போனை எடுப்பவருக்கு இத்தாலியன் மட்டும்தான் தெரியுமாம். அதனால் ஒர்க்‌ஷாப் ஷிப்ட் முடிந்ததும் லாலாகூடா சர்ச்சில் இருக்கும் இத்தாலிய சாமியாரிடம் பத்து நாள் படித்தேன். 'அஸ்பெத்தோ' என்றால் காத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

"அஸ்பெத்-தோஓ இல்ல. அ-ஸ்பெத்-தோ. நடுவுல அழுத்தணும். கடைசில அழுத்தினா, அவர் காத்திருந்தார்னு ஆயிடும்" என்று மேஜையில் தட்டிக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை டிரங்கால் கிடைத்தது. உன் பெயரைச் சொன்னேன். பிறகு பதற்றத்தில் அந்த வார்த்தையைக் கடைசியில் அழுத்திவிட்டேன். "கீ?" என்றார் அந்தம்மா. யார் காத்திருந்தார் என்று கேட்கிறார். அதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பேசினாளா?" என்று கேட்டாள்.

"பேசினா. வர்றேன்னு சொன்னா" என்றேன்.

அன்றைக்கு அவள் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். உன் பழைய துணிகளை எடுத்து வெயிலில் போடச் சொன்னாள். போட்டேன்.

இதைத் தந்தியில் சொல்ல முடியவில்லை. மடத்தில் லீவு தருவார்களா என்றும் தெரியவில்லை. நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளிடம் நான் சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரிவதற்குள் வந்துவிடம்மா.

உன் அப்பா