ஒரு கட்டம்கூடக் காலியில்லை

அக்டோபர் 9, வியாழன்

துணி காயப்போட்டு முடிப்பதற்குள் இடுப்பில் ஆம்புலன்ஸ் பேஜர் இரண்டு தடவை அடித்துவிட்டது. முதல் தடவை பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா. இரண்டாவது, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் வெயில் தாங்காமல் மயங்கிய ஒரு பெரியவர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து பீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஈவோவுக்கு ஒரே கோபம். "மயங்குறதுன்னா நாங்க வர்ற வரைக்குமாவது மயங்கிக் கிடக்கக் கூடாதா?" என்று அவரிடமே கேட்டுவிட்டான்.

ஈவோவுக்கு அறுபத்தெட்டு, எனக்கு அறுபத்திரண்டு. டார்னி வெல்ஸின் ஆம்புலன்ஸ் என்றால் இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேர்தான். சம்பளம் கிடையாது. ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு பேர் கடலோரமாகக் குடிபோனார்கள், ஒரு பெண் கல்யாணம் ஆகிப் போனாள், ஒருவன் சட்டமன்றத்துக்குப் போனான்.

மகள் டாம்சின் நாட்டின் வடகோடியில் இருக்கும் டார்வினிலிருந்து பேசினாள். ஜனவரி கடைசியில் பிரசவம். "அம்மா, நீ வருவியா, இல்ல பேஜர்தான் வருமா?" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நவம்பருக்கான டியூட்டிப் பலகை எழுதினேன். ஒரு நாளைக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒரு பெயர் இல்லாவிட்டாலும் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வேறு வண்டி வரும். நானும் ஈவோவும் எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் எட்டு நாள் உதைத்தது. சரி, இந்தத் தடவை உள்ளபடி காலியாகவே விடலாம் என்று முடிவு பண்ணினேன்.

அந்த நேரம் பார்த்து டேரல் வந்தான். டேரல் நோஸ்கி, எங்கள் தொகுதி உறுப்பினர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் என்னோடு அதே வண்டியில் ஓடியவன். ஒரே பிளாஸ்கில் டீ குடித்திருக்கிறோம். அவனுக்காகப் போன தேர்தலில் இந்த ஊரில் நான் தட்டாத கதவு இல்லை.

பலகையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "கிளெனி, இதை அமைச்சர் பார்த்தா என்ன நினைப்பாரு? ஊர்க்காரங்களே ஒதுங்கிட்டாங்கன்னு நினைப்பாரு. கை குடுக்குற ஊருக்குத்தான் ஆள் குடுப்பாங்க. எப்படியாவது நிரப்பிடு. புது வருஷத்துல, முறையாப் படிச்ச பாராமெடிக் ஒருத்தர் சம்பளத்துக்கு இங்க வந்து நிப்பாரு. என் வாக்கு."

ஈவோவும் தலையாட்டினான். முப்பது வருஷம் தானியக் குதிரில் வேலை பார்த்தவன். காலி என்றாலே அவனுக்கு ஆகாது. "எழுது கிளெனி. என் பேரையும் சேத்து எழுது. ஓட்டை விட்டா எனக்கு மனசு ஒப்பாது" என்றான்.

எழுதினேன், எட்டு நாளும். டேரல் பலகைக்கு முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தான். "சிரி கிளெனி, சொந்தக்காரங்க கல்யாணத்துல நிக்கிற மாதிரி நிக்கிற!"

அக்டோபர் 15, புதன்

ஜனவரி 20, டார்வினுக்கு டிக்கெட் போட்டாயிற்று. மூன்று வாரம். அதற்குள் பாராமெடிக் வந்திருப்பார். திருப்பித் தர முடியாத டிக்கெட், அதுதான் மலிவு.

நவம்பர் 6, வியாழன்

அறுவடை. காலையிலேயே முப்பத்தெட்டு டிகிரி. வடக்குப் பண்ணையில் ஒருவர் அறுவடை இயந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. நூற்றுப் பத்துக் கிலோ இருப்பார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது ஈவோவின் முட்டி 'மடக்' என்றது. அவன் கத்தவில்லை, என் பக்கத்துப் பிடியில் கனம் கூடியதில்தான் தெரிந்தது. அடிபட்டவரின் மனைவிதான் ஓடிவந்து தாங்கினாள். புருஷனைத் தூக்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், ஆம்புலன்ஸைத் தூக்க அவள் வர வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரி வரைக்கும் நான்தான் ஓட்டினேன். பின்னால் ஈவோ வலியில் முனகுகிறானா, அந்த ஆள் முனகுகிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

ஈவோவின் முட்டி பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது. "பலகைல என் பேரை அழிக்கிற வேலை வெச்சுக்காத" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.

அழிக்கவில்லை. புது வருஷம் வரைக்கும்தானே.

நவம்பர் 24, திங்கள்

டேரலிடமிருந்து செய்தி: "டிசம்பர் பலகையும் நிரம்பிடுச்சா? நீ தங்கம் கிளெனி." நிரம்பிவிட்டது என்று பதில் போட்டேன். பாராமெடிக் எந்தத் தேதியில் வருகிறார், வீடு ஏதாவது பார்த்து வைக்கட்டுமா என்றும் கேட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. தேதி வரவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

தபால் பெட்டியில் டேரலின் வருட இறுதி மடல். வழக்கம்போல ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ள அவன் முகம் போட்ட காந்தக் காலண்டரும். முதல் பக்கத்தில் நான். பலகைக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில்: 'டார்னி வெல்ஸில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை!'

ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வாசலிலேயே நின்று மூக்குக் கண்ணாடியைத் தேடினேன்.

உள்ளே: 'கிளெனிஸ் டிரெசைஸ் போன்றவர்களின் தன்னலமற்ற உழைப்பால் இங்கே ஆம்புலன்ஸ் சேவை முழு பலத்துடன் இயங்குகிறது. எனவே இவ்வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்ட பாராமெடிக் பணியிடம், தேவை மிகுந்த போர்ட் ஆல்டிஸுக்கு வழங்கப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். நானும் என்றும் ஒரு தன்னார்வலனே.'

மகிழ்ச்சியுடன்.

போர்ட் ஆல்டிஸும் அவன் தொகுதிதான்; அங்கே போன தடவை இருநூறு ஓட்டில்தான் தப்பித்தான். இங்கே என்ன, நாங்கள் எப்படியும் போட்டுவிடுவோம். போடவைக்க நான் இருக்கிறேனே.

என் கையெழுத்து. என் பலகை. என் பல்லு. இதெல்லாத்தையும் வெச்சே என் கழுத்த அறுத்திருக்கான். அதுக்கு நன்றி வேற சொல்றான்.

டிசம்பர் 13, சனி

ஈவோ மடலை இரண்டு தடவை படித்தான். "அவனுக்கும் மேலிடத்துல நெருக்கடி இருந்திருக்கும்" என்றான். பிறகு மடலை மடித்து டீக் கோப்பைக்கு அடியில் வைத்தான். டீ ஆறிப்போனது.

டாம்சினிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? பாராமெடிக் இல்லை, அதனால் அம்மா இல்லை என்றா?

டிசம்பர் 21, ஞாயிறு

மிட்டாய் ஊர்வலம். ஊருக்குள் தீயணைப்பு வண்டி முன்னால், சைரனோடு. அதன் மேல் கிறிஸ்துமஸ் தாத்தா சான்டா நின்று தெருத்தெருவாக மிட்டாயை வீசுவார். பின்னால் ஆம்புலன்ஸ், ஜிகினாத் தோரணம் கட்டிக்கொண்டு. பன்னிரண்டு வருஷமாக சான்டா டேரல்தான். எங்கள் டிசம்பர்க் கோடையின் நாற்பத்தொரு டிகிரியிலும் அந்தச் சிவப்பு அங்கியை விடமாட்டான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவன் பேர் சொல்லிக் கத்துகிறார்கள். பின்னால் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே முதல் கியரில் ஓட்டினேன்.

மைதானத்தில் வண்டி நின்றதும் பின்பக்கம் போனேன். தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா என்னை நிரப்பச் சொன்ன?"

"கிளெனி, இங்க வேண்டாமே. பசங்க பாக்குறாங்க."

"பசங்களுக்கு நீ சான்டா. எனக்கு யாரு நீ?"

"சத்தியமா உனக்காகப் பேசினேன். அமைச்சர் ஆபீஸ்ல காலி நாளை எண்ணித்தான் முடிவு பண்ணாங்க. போர்ட் ஆல்டிஸ்ல பதினேழு நாள் காலி. இங்க ஒண்ணுமே இல்ல. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"எண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"நிரப்பச் சொன்னப்ப தெரியாது. நம்பு."

"சரி. எப்பத் தெரிஞ்சுது?"

தாடியின் எலாஸ்டிக்கை நோண்டினான். "அக்டோபர் கடைசில."

நவம்பர் 24 ஞாபகம் வந்தது. தங்கம். அதற்குள் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் டிசம்பரும் நிரம்பியதா என்று கேட்டிருக்கிறான்.

"அப்ப என் படத்த அச்சுக்குக் குடுத்தது எல்லாம் தெரிஞ்சப்புறம்தானே?"

"அது உன்ன கௌரவப்படுத்ததான் கிளெனி—"

"ஈவோ முட்டி போச்சு. தெரியுமா உனக்கு?"

ஒரு வாண்டு வண்டியைச் சுற்றி எட்டிப் பார்த்தது. டேரல் தாடியைச் சட்டென்று மேலே இழுத்துவிட்டு "ஹோ ஹோ ஹோ!" என்றான். நான் நின்றுகொண்டிருக்கும்போதே போய்விட்டான். கையில் ஒரு மிட்டாயைத் திணித்துவிட்டுப் போனான் — எனக்கு!

அடிச்சிருக்கணும். அந்த மிட்டாய தூக்கி அவன் மூஞ்சிலயே அடிச்சிருக்கணும். ஏன் அடிக்கல? பசங்க இருந்தாங்கன்னா? இல்ல, எட்டு வருஷம் டீ குடிச்சதாலயா?

டிசம்பர் 25, வியாழன்

இறால், குளிர்ந்த ஹாம். நடுவில் ஒரு அழைப்பு: கிரிக்கெட் பந்தில் நெற்றிக் காயம். ஈவோ நொண்டிக்கொண்டே வந்தான்.

டிசம்பர் 29, திங்கள்

ஜனவரிப் பலகை. 19 வரைக்கும் எழுதினேன். 20-க்கு வந்ததும் பேனா தானாக 'கிளெனிஸ்' என்று எழுதப் போனது. பதினொரு வருஷப் பழக்கம். 'கி' போட்டதும் விரலால் துடைத்தேன்.

"அப்படியே விடப் போறியா?" என்றான் ஈவோ.

"ஆமா."

"பன்னெண்டு நாள் கிளெனி. நம்ம பலகைல இவ்வளவு ஓட்டை இருந்ததே இல்ல."

"ஓட்டை எப்பவும் இருந்துச்சு ஈவோ. நாமதான் மேல உக்காந்து மறைச்சோம்."

பலகையைப் படம் பிடித்து, ஆம்புலன்ஸ் வட்டார அலுவலகத்துக்கு அப்படியே அனுப்பினேன். மனசு அடித்துக்கொள்கிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் யாருக்காவது ஏதாவது ஆனால்? அது டேரல் தலையில் விடியுமா, என் தலையிலா? எனக்குத் தெரியும், யார் தலையிலென்று.

ஜனவரி 3, சனி

நினைத்தது சரிதான். தபால் நிலையக் கவுன்டரில் இருக்கும் மெரில், அத்தனை பேருக்கு முன்னால்: "எங்களை அம்போன்னு விட்டுட்டுப் போறியாமே. உன்னை எப்படியெல்லாம் நெனச்சிருந்தோம்." அவள் தம்பி நெஞ்சுவலியில் விழுந்தபோது எண்பது கிலோமீட்டரும் அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனவள் நான். அவளுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் டேரலின் காலண்டர் ஒட்டியிருக்கிறது. அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாராமெடிக்க போர்ட் ஆல்டிஸுக்குக் குடுத்தது நானில்ல மெரில்" என்றேன்.

"அது அரசியல். நீ நம்ம ஆளு."

ஆக, நம்ம ஆளாக இருந்தால்தான் திட்டு விழும். தபால்தலை வாங்காமலே வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்து அழுதேன். வெகு நாளாயிற்று அழுது.

ஜனவரி 19, திங்கள்

பேஜரை ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். இடுப்பில் அது இருந்த இடம் மொட்டையாக இருக்கிறது. விமானத்தைப் பிடிக்க, ஈவோதான் ராத்திரி அடிலெய்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "குழந்தையப் பாரு. இங்க நான் இருக்கேன்" என்றான். ஒற்றை ஆளாக இருந்து என்ன செய்வான்?

ஜனவரி 24, சனி, டார்வின்

ஈவோ போன் பண்ணினான். நேற்றுக் காலை பள்ளிக்கூட ஆசிரியையின் மகனுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டதாம். வண்டி கிளம்ப முடியவில்லை. ஈவோ தன் காரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பஃப் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அடுத்த வண்டி வர ஐம்பத்தெட்டு நிமிஷம். பையன் பிழைத்துக்கொண்டான்.

பிழைத்துக்கொண்டான் என்று பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். டாம்சின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது, என் மணிக்கட்டில் பட்டது.

ஜனவரி 28, புதன், டார்வின்

பெண் குழந்தை. காலை ஆறே கால். மூன்று கிலோ நானூறு. மழை கொட்டுகிறது. தொப்புள்கொடி வெட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன்!

மத்தியானம் ஈவோ போன் பண்ணினான். குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"டேரல் வந்திருந்தான். படம் எடுக்க ஒரு பொண்ணையும் கூட்டிக்கிட்டு. மடிப்புக் கலையாத சீருடை போட்டு வந்தான். நம்ம பலகைல, வர்ற வெள்ளிக்கிழமைக்குத் தன் பேரை எழுதினான். ஒரே ஒரு கட்டம். அந்தப் பொண்ணு படம் எடுத்துச்சு. கை குடுத்தான். போயிட்டான். வெள்ளிக்கிழமை வருவியாடான்னு கேட்டேன். 'கூட்டம் இருக்கு ஈவோ, முடிஞ்சா பாக்குறேன்'னான்."

"நீ என்ன சொன்ன?"

"கார் திரும்பினதும் துணி எடுத்துத் துடைச்சுட்டேன். வர முடியாதவன் பேரு எதுக்கு பலகைல? காலின்னா காலிதான்."

ஈவோ சொன்னான் இதை. ஓட்டை விட்டால் மனசு ஒப்பாது என்ற ஈவோ.

"இன்னொண்ணு" என்றான். வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், படித்துக் காட்டினான். இரண்டே வரி. ஜனவரியில் பன்னிரண்டு நாட்கள் காலியாக இருப்பதைக் கவனித்தோம். டார்னி வெல்ஸில் என்ன சிரமம் என்று தெரிவிக்கவும்.

பதினொரு வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறார்கள்.

"என்னன்னு பதில் போடட்டும்?" என்றான் ஈவோ.

குழந்தை சிணுங்கியது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.