லேப்டாப் விசிறியில் இருந்த பொடி

புரட்டாசி 14, செவ்வாய்.

ஒரு வாரமாக கேம் திக்கித் திக்கித்தான் ஓடியது. செட்டிங்ஸைக் குறைத்தும் டிரைவரை மாற்றியும் ஃபிரேம் ரேட் ஏறவில்லை, லேப்டாப் கொதித்தது. இன்று அடிமூடியைக் கழற்றினேன். விசிறி முழுக்க மினுமினுக்கும் சாம்பல் பொடி. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி.

மேசைக்கு மேலே கொடியில்தான் அம்மாவின் வேலைச் சேலை தொங்கும். பட்டாசு ஆலையில் அவள் வேலை பார்த்த ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் வெடித்த அன்று, இனி மருந்து கலக்கப் போகமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள். அவள் வேலை விட்டு வந்ததும் கேட்டேன்.

"பெட்டி ஒட்டத்தான்லே போறேன். அங்கன ஏதுய்யா மருந்து?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியில் போட எடுத்த சேலையைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

விசிறியைத் துடைத்து மாட்டினேன். கேம் திக்காமல் ஓடுகிறது. விளையாடப் பிடிக்கவில்லை.

இனி இதில் பொடி சேராது. நாளையிலிருந்து அவள் சேலையை வெளியிலேயே உதறிவிட்டு வருவாள்.