காடை இறகுப் பூச்சி

4 ஆகஸ்டு 1931, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. பாசார் கடைத்தெருவில் காடை இரண்டு வாங்கினேன். கறி குழம்புக்கு, நெஞ்சு இறகு எனக்கு.

பட்டு நூல் தீரப்போகிறது. தேன்மெழுகு இருக்கிறது. தூண்டில் முள் பதினொன்று.

மத்தியானம் ஆபீஸ் துரையின் தூண்டிலுக்கு நான்கு பொய்ப் பூச்சி கட்டினேன். முள்ளின்மேல் பட்டு நூல், தலைப்பக்கம் இறகு ஒன்றரைச் சுற்று. அதற்குமேல் சுற்றினால் பார்க்கத்தான் அழகு, தண்ணீருக்குள் அசையாது, மீன் ஏமாறாது. துரை சீமையிலிருந்து கொண்டுவந்த பழைய பூச்சி ஒன்றைப் பிரித்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டது. கடைசி முடிச்சு மட்டும் சீமையுடையது அல்ல. மல்லிகை தொடுக்கும்போது விரலில் வளையம் போட்டு இழுப்போமே, அது.

பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, ஒரே துரை. "ஒன் வீட்டுக்காரருக்கு என்ன கைடி. எங்க கிராணி கட்டுன பூச்சின்னு தொர எல்லார்கிட்டயும் காட்டுறாராம்."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

மாலை இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன். பேப்பரை மடிக்காமலே பதில். "பொம்பள கட்டுனதுன்னு சொன்னா தொர தொடுவாரா? யாரு கட்டுனா என்ன, மீன் மாட்டுதுல்ல."

எட்டு மாதமாக இவர் கையாம். சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாத கை.

6 வியாழன்

வெயில். தலைவலி. சனிக்கிழமை விருந்தாளிகள் முன்னால் பூச்சி கட்டிக் காட்டும்படி துரை இவரிடம் சொல்லியிருக்கிறார். நன்றாக வேண்டும்.

"ரெண்டு நாள்ல சொல்லிக் குடுலா." கெஞ்சும்போது மட்டும் மலாய்க்காரர் மாதிரி லா.

சொல்லிக் கொடுத்தேன், ஏனென்று தெரியவில்லை. நூல் மூன்று தரம் அறுந்தது. இறகு ஐந்து சுற்று, மழையில் நனைந்த கோழி மாதிரி ஒன்று. கடைசியில் முள் இவர் கட்டைவிரலில். திட்டு எனக்கு. "ஒன் முடிச்சே சரியில்ல."

என் முடிச்சு சரியில்லையாம்.

8 சனி

இவர் கண்டுபிடித்த வழி: கையில் வெந்நீர் கொட்டிவிட்டதாகச் சொல்வது. பழைய வேட்டியைக் கிழித்து, வலது கை முழுக்கச் சுற்றிக் கட்டுப் போட்டுவிட்டேன், முடிவில் என் முடிச்சு. பொய்க்கு நானும் கூட்டு. வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபம்.

மாலை சிரித்துக்கொண்டே திரும்பினார். துரை ரொம்ப வருத்தப்பட்டாராம். திங்கட்கிழமை உலு லங்காட் ஆற்றுக்குப் போகிறாராம், ஆறு பூச்சி வேண்டுமாம். "ஏற்கெனவே கட்டி வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்."

கட்டி வைத்திருக்கிறாராம். இருப்பது நான்கு.

கட்டை அவிழ்க்கச் சொன்னார். ஆபீஸுக்கும் வேண்டுமே, இருக்கட்டும் என்றேன். பல்லால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார்.

9 ஞாயிறு

மூட்டம். ஜன்னலோரம் மேசையில் இடுக்கியை மாட்டி ஆறாவது பூச்சி. நூல் நுனி என் பல்லில். வாசலில் கார். துரை, இவருடைய வெந்நீர்ப் புண்ணுக்கு மருந்து டப்பியோடு. உள்ளேயிருந்து இவர் ஓடி வருவதற்குள் துரை மேசையைப் பார்த்துவிட்டார். என்னையும்.

யார் கட்டுவது என்று இங்கிலீஷில் கேட்டார். இவரும் இங்கிலீஷில்: சம்சாரம்தான், என் கைக்கு முடியாததால் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள். மிஷன் பள்ளியில் நான் இங்கிலீஷ் படித்த ஏழு வருஷம் இவருக்கு மறந்துபோயிற்று.

சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேனாம்.

ஆறாவதை முடித்தேன். விரலில் வளையம், இழுப்பு, கத்தரி. துரை குனிந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அவரிடமிருந்து மருந்து டப்பியை வாங்கினேன்.

"கையக் குடுங்க. மருந்து போடணும்."

"அப்புறம் போட்டுக்கலாம்."

கொடு என்று துரை தலையசைத்தார். இவர் கொடுத்தார்.

எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன், அவசரமில்லாமல். உள்ளே கொழுகொழுவென்று கை, ஒரு கொப்புளம் இல்லை. கட்டைவிரலில் மட்டும் வியாழக்கிழமை முள் குத்திய புள்ளி.

அதில் மருந்து தடவினேன்.