ஓலையில் இருந்த எஸ்தர்

மக்கா நந்தனாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் கல்யாணத்துக்குத் தடை சொன்னது அப்பாதான். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாயிருக்க அய்யா துணை, உன் அம்மை பங்குக்குக் கர்த்தரும் துணை. நீ போனை எடுக்காததால் வாழைக்குலைக் கடையில் இருந்து இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குத் தவிர சபைப் பக்கம் போகாத என்னை உன் அம்மை புதுச்சட்டை போடச் சொல்லிக் கூட்டிப்போனாள். அங்கே போதகர், உன் அம்மை கொடுத்திருந்த கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிப்பதில் முதல் தடவையாக வாசித்தார், ராஜாக்கமங்கலம் ஜெஃப்ரினுக்கும் எஸ்தர் நந்தனாவுக்கும் திருமணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. ஜெஃப்ரின் நீ பார்த்துக்கொண்ட பையன், எனக்கும் பிடித்தவன். எஸ்தர் யாரென்றுதான் தெரியவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் குலை எடுக்கப் போன ஒருநாளில் எஸ்தர் என்று பேரிட்டு உனக்கு ஞானஸ்நானம் நடந்ததாம், சபைக்கெல்லாம் தெரியும், எனக்கு இப்போதுதான் தகவல். அது போகட்டும். அம்மையின் ஓய்வுநாள் பள்ளியிலும் நான் கும்பிடும் அய்யாவழிப் பதியிலும் உன்னை அடுத்தவீட்டுப் பிள்ளையாகவே பார்த்தார்கள், அதனால் இரண்டும் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும் என்று நீ சொன்னது நினைவு வந்து எழுந்துவிட்டேன். "இரியுங்க, நாணக்கேடு" என்று அம்மை சட்டையை இழுத்தாள். பெண்ணிடம் கேட்டீர்களா என்றுதான் நான் கேட்டேன். வாசலுக்கு வருமுன் அது, அய்யாவழிக்காரன் மகளை வேதக்காரனுக்குக் கொடுக்கமாட்டானாம் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் நம்ம அய்யாவழி ஆட்கள் கும்பிடக் கூடும் நிழல்தாங்கலில் எனக்கு ஏக மரியாதை. இத்தனை காலம் உன் அம்மையைச் சொல்லி என்னைக் குத்திய பகவதியப்பன் அண்ணன், "ஏலே, நம்ம மானத்தக் காத்துட்டே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன். நீயும் அதை நம்பி, அப்பாவுமா என்று எழுதியிருக்கிறாய். நாலு கை மாறி வந்த சரக்கை முகர்ந்து பார்க்காமல் எடுக்காதே.

உன் அம்மை சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. நேற்றுத்தான் வாய் திறந்தாள். "எனக்க பிள்ள ரெண்டு பக்கத்துக்கும் இல்லாம போயிருவாளோ" என்று அழுதாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு, சொல்லிக்கொள்வதில்லை.

நன்றாயிரு மக்கா. நேரத்துக்குச் சாப்பிடு, அம்மையின் போனை எடு. நாங்கள் பேசி முடித்தது இது: கல்யாணம் நீ சொல்லும் இடத்தில், நீ சம்மதிக்காமல் இரண்டாம் ஓலை கிடையாது. எங்கே வைத்தாலும் அம்மை ஒரு ஜெபம் சொல்வாள், நான் உன் நெற்றியில் ஒரு நாமம் இடுவேன். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம், அதற்குமேல் நீ தரவேண்டாம்.

எஸ்தருக்கும் சேர்த்து அப்பா,
ராஜகுமார்